கிராணியார் பொறுக்கிய துப்பாக்கி

மங்களத்தின் கதையை அவள் புருசனின் டிராயரிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கேட்க அருவருப்பாக இருந்தால் இருக்கட்டும். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆம்பிளைகள் வேட்டிக்குள் போடுகிற, முழங்காலைத் தொடும் நீலக்கோட்டுப் பட்டாபட்டி டிராயர். அதன் வலப்பக்கப் பையைப் பிரித்துவிட்டு, காக்கித் துணியை இரண்டாக மடித்துப் புதுப்பை ஒன்று வைத்து, என் வீட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்து அவள் தைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை கெட்டியாக எதற்கடி என்று கேட்டேன். துப்பாக்கி வைப்பதற்கு என்றாள். வெற்றிலைப் பை தைக்கிறவள் மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

என் பெயர் பிரிஜிட். என் வீட்டுக்காரர் சவரியப்பன் அப்போது பாயா ரும்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரெஸ்ஸர். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவர்தான் டாக்டர், கம்பவுண்டர், எல்லாம். பிரசவம் பார்ப்பது நான். மங்களத்தின் புருசன் தனபாலன் தோட்டத்து ஆபீசில் ஆள் கணக்கும் சம்பளக் கணக்கும் எழுதுகிற பெரிய கிராணி. எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே சுவர். அவர் தும்மினால் என் வீட்டுப் பாத்திரம் அதிரும். அவளை அவர் அதட்டுவதும் அப்படியே கேட்கும்.

மங்களம் தங்கா பத்துக்காரி. அப்பா அங்கே துணி வியாபாரம். சைக்கிளில் மூட்டை கட்டி, மலாய்க்காரர் ஊர்களில் கம்பத்துக்குக் கம்பம் போய் விற்பார். அதனால் துணியைத் தொட்டே தரம் சொல்லுவாள், கத்தரிக்கோல் பிடித்தால் கை கோணாது. யார் என்ன கேட்டாலும் உடனே பதில் வராது அவளுக்கு. ஒரு நிமிடம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அதை மந்தம் என்று அவள் புருசன் சொல்லுவார். மந்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சொன்னால் சொன்னபடி இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஜாதி அவள். பிள்ளை இல்லை. அந்தப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவாள். சிரிப்பு மட்டும் தாராளமாக வரும், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டு நாலைந்து வருசம் ஆகியிருந்தது. காட்டுக்குள்ளே கம்யூனிஸ்டுகள், வெளியே பட்டாளம், நடுவிலே நாங்கள். காட்டுக்காரர்கள் என்று மெதுவாகத்தான் சொல்லுவோம். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, ஒரே ஒரு கேட்டு. காட்டுக்காரர்களுக்கு யாரும் அரிசி கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாதென்று, விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர்களை அந்தக் கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைத் தடவ ஒரு மலாய்க்காரப் பெண்ணை வைத்திருந்தார்கள். கையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள் எங்கள் பெண்கள். மடியை உதறச் சொல்லுவாள், கொண்டையை அவிழ்க்கச் சொல்லுவாள். ஆபீஸ்காரர்கள் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் அந்தத் தொல்லை கிடையாது. மங்களமும் நானும் வந்தால் கையை ஆட்டிப் போகச் சொல்லிவிடுவார்கள். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் இதில்தான் வந்து நிற்கப் போகிறது.

பக்கத்துத் தோட்டத்தில் வெளிவேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் ஒருத்தர் இடுப்பு பெல்டில் பெரிய ரிவால்வரை எல்லாரும் பார்க்கத் தொங்கவிட்டுக்கொண்டு சைக்கிளில் திரிந்தார். ஒருநாள் காட்டுக்காரர்கள் அவரை முதுகில் சுட்டுப் போட்டுவிட்டு அந்த ரிவால்வரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆளுக்காகச் சுடவில்லை, துப்பாக்கிக்காகத்தான் சுட்டார்கள். அதற்கப்புறம் போலீஸே சொல்லிவிட்டது, லைசன்ஸ் வாங்குகிறவர்கள் வெளியே தெரியாத மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்று. எங்கள் தொரை, சம்பளப் பணம் எடுக்க டவுனுக்குப் போய்வருகிற ஆள் என்பதால் தனபாலனுக்கு லைசன்ஸ் வாங்கிக் கொடுத்தார். மனுசனுக்கு அன்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை.

துப்பாக்கி வாங்கப் போன அன்று நானும் கூடப் போனேன். காவலோடு தோட்டத்துக் கார் டவுனுக்குப் போவதே எப்போதாவதுதான், எனக்கு ஆஸ்பத்திரி மருந்து எடுக்க வேண்டியிருந்தது. மங்களத்தை எதற்கு அழைத்துக்கொண்டு போகிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. கடைக்குள் போனதும் புரிந்தது.

கடை முதலாளி, சீனத் தவுக்கே, மேசைமேல் பச்சைத் துணி விரித்து மூன்று துப்பாக்கிகளை வைத்தான். ஒன்று போலீஸ்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி உருளை வைத்த ரிவால்வர். இன்னொன்று அதிலும் கொஞ்சம் சின்னது. மூன்றாவது கைக்குள் அடங்குகிற தட்டையான குட்டி, பிடியில் முத்துச்சிப்பி பதித்தது. தவுக்கே நல்லவன், உள்ளதைச் சொன்னான். ரிவால்வர் கனம்தான், ஆனால் எடுத்தால் சுடும், சிக்கிக்கொள்ளாது. குட்டி பைக்குள் பஞ்சும் தூசியும் சேர்ந்தால் சிக்கிக்கொள்ளும், அதன் குண்டும் சின்னது, கிட்டத்தில் நின்று சுட்டால்தான் உண்டு. உயிருக்குப் பயந்து வாங்குகிறவன் எதை வாங்குவான்? நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை, எனக்கே தெரிந்தது.

தனபாலன் ஒவ்வொன்றாக எடுத்து இடுப்பில், கால்சட்டைப் பையில், சட்டைக்குள் என்று சொருகிக்கொண்டு கடைக்குள் நடந்தார். மங்களத்தைப் பின்னால் நிறுத்தி, தெரியுதா பார் என்றார். திரும்பி நின்று தெரியுதா என்றார். குனிந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். தெரியுதா, தெரியுதா. ரிவால்வர் புடைத்துக்கொண்டு தெரிந்தது. மங்களம் முகத்தைப் பார்த்துவிட்டு, தெரியுது என்றாள். கால்சட்டையின் மடிப்பு கெடுகிறதென்று அவர் அதைத் தள்ளி வைத்தார். நடுவில் உள்ளதும் கொஞ்சம் தெரிந்தது. குட்டியைச் சொருகியபோது அவள் இரண்டு தடவை சுற்றிவந்து பார்த்துவிட்டு, தெரியல என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. உடனே அவர் அந்த முத்துச்சிப்பியைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பெண் பார்க்க வந்த கிழவன் மாதிரி ஒரு இளிப்பு வேறு. மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நின்றுவிட்டேன்.

கால்சட்டைக்குச் சரி, சாயங்காலம் வேட்டி கட்டினால் எங்கே வைப்பது? அதற்குத்தான் நான் முதலில் சொன்ன டிராயர். மூன்று டிராயருக்கு அவள் பை வைத்துத் தைத்தாள்.

வெளியே தெரியக் கூடாதென்று இத்தனை பாடுபட்டு வாங்கினாரே, வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? ஊருக்கெல்லாம் சொன்னார். மளிகைக் கடையில் சொன்னார், லாரி டிரைவரிடம் சொன்னார், என் வீட்டுக்காரரிடம் நாலு தரம் சொன்னார். பேசும்போதெல்லாம் வலது தொடையை ஒரு தட்டுத் தட்டிக்கொள்ளுவார். வேலைக்காரர்கள் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் அவரைக் கண்டால் தங்கள் தொடையைத் தட்டிச் சிரிக்கும். கிராணியார் டிராயரில் துப்பாக்கி இருப்பது தெரியாத ஆள் அந்தத் தோட்டத்தில் தொட்டிலில் கிடக்கிற குழந்தைதான். இதற்கு அந்த ரிவால்வரையே கழுத்தில் மாட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், கருப்பாயி விசயம் வராமல் இருந்திருந்தால். கருப்பாயி பால் வெட்டுகிற பொம்பளை, புருசன் இல்லாதவள், வாய் கொஞ்சம் நீளம். முழுநாள் வேலை செய்தும் தனக்கு அரைநாள் கூலிக்கு அரைப்பேர் போட்டிருக்கிறதென்று, காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் அவரைக் கேட்டுவிட்டாள். பதில் சொன்னாரா? வேட்டியை ஒருபக்கம் தூக்கினார். டிராயர் பையிலிருந்து குட்டியைப் பாதி வெளியே எடுத்துக் காட்டினார். இன்னும் ஏதாவது கேக்கணுமா என்றார். வயசான பொம்பளைக்கு முன்னால் வேட்டியைத் தூக்கிக் காட்டுகிற மானங்கெட்டவனைப் பெரிய கிராணி என்று எல்லாரும் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். தூ! அன்று ராத்திரி மங்களம் சாப்பிடவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரியும், ஒரு தட்டு வைக்கிற சத்தம்தான் கேட்டது.

அடுத்த மாசி மாதம் செங் என்ற ஊரில் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் திருவிழா. ஆபத்தில்லாமல் ஒரு வருசம் ஓடினால் பால்குடம் எடுக்கிறேன் என்று தனபாலன் வேண்டிக்கொண்டிருந்தார். மங்களமும் அவரோடு சேர்ந்து விரதம் இருந்தாள். தோட்டத்து லாரியில் எல்லாரும் போனார்கள். மயங்கி விழுகிறவர்களைப் பார்ப்பதற்காகக் கோயில்காரர்கள் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள், நானும் போனேன். கோயில் வாசலுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

இப்போது அந்தக் குட்டிக்கு வருகிறேன். துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது, அது சட்டம். கூட்டமான இடத்துக்குப் போகும்போது போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுப் போகலாம், அதுவும் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் ரப்பர்க் காட்டு வழியில் லாரி போகிறதே, கிராணியாருக்குக் கையில் துப்பாக்கி இல்லாமல் மூச்சு வராதே. டிராயரிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டார். குளிக்கிற இடத்துக்கு வந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர மஞ்சள் வேட்டியோடு வெறும் உடம்பாகப் பால்குடம் எடுக்க வேண்டும். டிராயரில் இருந்தால் நனைந்துவிடும். போதாததற்கு, விரதம் இருந்த உடம்பில் அந்தச் சாமான் ஆகாது என்று வேறு ஒரு நியாயம்.

விரதம் இருந்த உடம்பு அவர் ஒருத்தருக்குத்தானா? பக்கத்தில் நின்றவளுக்கு இல்லையா? மங்களத்தைக் கூப்பிட்டு, கையில் கொடுத்து, மடியில் சொருகிக்கொள்ளச் சொன்னார். இதை நான் பார்க்கவில்லை, நான் கொட்டகையில் இருந்தேன். லாரியில் வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். கருப்பாயி மட்டும் பக்கத்தில் வந்து, வாசலில் பொம்பளைகளையும் தடவுகிறார்கள் ஐயா, அம்மாவிடம் கொடுக்க வேண்டாம் என்று சொன்னாளாம். கிராணி வீட்டுப் பொம்பளையை எவள் தடவுவாள் என்று அவர் அதட்டியிருக்கிறார். எங்கள் தோட்டத்துக் கேட்டில் கையை ஆட்டிவிட்டால் உலகத்து வாசலிலெல்லாம் கையை ஆட்டிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்ட அறிவு அது. மங்களமும் அப்படித்தான் நினைத்திருந்தாள், பாவம். அவளை எவளும் ஒருநாளும் தடவியதில்லை.

லைசன்ஸ் இல்லாத ஆள் கையில் துப்பாக்கி இருந்தால் தூக்கு. ஆணா பெண்ணா என்று பார்க்கிற சட்டம் இல்லை அது. பெரட்டுக் களத்து மரத்தில் நாலு பாஷையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்துக் காட்டியதே தனபாலன்தான்.

வாசலில் போலீஸ்காரர்கள் கயிறு கட்டி, ஆண்களை ஒருபக்கமும் பெண்களை ஒருபக்கமும் பிரித்து விட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கு ஒரு துணிக்கூடாரம். மங்களம் அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது, சோதனை பண்ணுகிற பெண் கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். நாலு போலீஸ்காரர்கள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு கூடாரத்தைச் சூழ்ந்தார்கள். நான் கொட்டகையிலிருந்து ஓடிப் போனபோது மங்களம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். தட்டு கீழே கிடந்தது. தேங்காய் உருண்டு போயிருந்தது. மடி அவிழ்ந்து தொங்கியது, அதைச் சரிபண்ணக் கூடக் கையை இறக்க விடவில்லை. மாதாவே, என் கை தானாகப் போய் அவள் புடவையை இழுத்து விட்டது. ஒருத்தன் என்னைத் தள்ளிவிட்டான்.

சின்ன வயசு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஒருத்தன் வந்தான். எனக்குக் கான்வென்ட் இங்கிலீஷ் தெரியும். இது கிராணியாரின் லைசன்ஸ் துப்பாக்கி, அவர் குளிக்கிற இடத்தில் இருக்கிறார் என்று சொன்னேன். ஆளை விட்டு அழைத்து வந்தார்கள். வந்தார். வெறும் உடம்பு, ஈர வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் பால்குடம். மங்களத்தின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. அவர் வந்துவிட்டார், சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். எனக்கும் அப்படித்தான்.

இன்ஸ்பெக்டர் கேட்ட முதல் கேள்வி, இதை இவளிடம் நீ கொடுத்தாயா என்பது. கொடுத்தேன் என்று சொன்னால் அவருக்கு என்ன வரும்? லைசன்ஸ் போகும், வேலை போகலாம், கொஞ்ச நாள் உள்ளே இருக்கலாம். கொடுக்கவில்லை என்றால் இவள் கழுத்துக்குக் கயிறு. இரண்டும் தெரிந்த மனுசன் அவர். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

மங்களத்துக்குப் புரியாத இங்கிலீஷில் மடமடவென்று சொன்னார். துப்பாக்கியை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு வந்தாராம், அந்தச் சின்னத் தப்பை மட்டும் ஒத்துக்கொண்டார். தனக்குத் தெரியாமல் இவள் எடுத்து வந்துவிட்டாளாம். பிள்ளை இல்லாததால் இவளுக்குச் சில சமயம் புத்தி சரியாக இருப்பதில்லையாம். கடையில் இந்தத் துப்பாக்கியைப் பொறுக்கியதே இவள்தானாம், வேண்டுமானால் இந்த அம்மாவைக் கேளுங்கள் என்று என்னைக் கை காட்டினார். காட்டிய கையில் விபூதி. எனக்கு உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்தது.

நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மங்களத்திடம் போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி தமிழில் சொன்னேன். "மங்களம், நீ திருடி எடுத்துட்டு வந்துட்டேன்னு சொல்றாருடி. கடையில பொறுக்குனதும் நீதானாம்."

தூக்கிய கையோடு அவள் அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். அவர் பால்குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் பின்னால நின்னு தெரியலன்னு சொன்னேன். அவ்ளோதாங்க்கா," என்றாள்.

கடையில் நடந்ததை நான் இங்கிலீஷில் இன்ஸ்பெக்டருக்குச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது கடை, இன்றைக்கு இவர் கொடுத்ததை நீ பார்த்தாயா என்றான். நான் பார்க்கவில்லையே. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லியிருப்பேன், அதற்குள் அவன் கேட்டு முடிக்கும்போதே என் வீட்டுக்காரர், நீ கொட்டகையில் என்கூட இருந்தாய் என்று மெதுவாகச் சொல்லித் தொலைத்தார். உண்மையைத்தான் சொன்னார். அன்றைக்கு அந்த உண்மையை அவர் வாயிலேயே திணித்துவிடலாம் போல இருந்தது. பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று இன்ஸ்பெக்டர் மலாயில் சத்தமாகக் கேட்டான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் லாரிச் சனம் முழுவதும் நின்றது. அத்தனை பேரும் பார்த்தவர்கள். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. நாளைக்குக் காலையில் அவர்களுக்குப் பேர் போடுகிறவர் ஈர வேட்டியோடு அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர்களைத் திட்ட மாட்டேன். அவர்கள் வயிறு அவர் பென்சில் முனையில் இருந்தது.

கயிற்றுக்குக் கீழே குனிந்து கருப்பாயி இந்தப் பக்கம் வந்தாள். பழக்கதோசம், சோதனைக்கு நிற்கிற மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டே வந்தாள்.

"நான் பாத்தேன் தொரை. இவருதான் இந்தக் கையால குடுத்தாரு. பொம்பளைங்களையும் தடவுறாங்க, குடுக்காதீங்கன்னு நான் சொன்னேன். கிராணி வீட்டுப் பொம்பளைய எவ தடவுவான்னாரு. கீழ போட்டுறாதடி, சிப்பி ஒடஞ்சிரும்னாரு."

நான் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். சிப்பி உடைந்துவிடும் என்றதைச் சொன்னபோது இன்ஸ்பெக்டர் கையிலிருந்த குட்டியைத் திருப்பி அந்த முத்துச்சிப்பியைப் பார்த்தான். அந்தப் பேச்சை யாரும் இட்டுக்கட்ட முடியாதென்று அவனுக்கும் பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு லாரி டிரைவர் இருளாண்டி நானும் பார்த்தேன் என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் சில பேர்.

தனபாலனுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. ஆமாம், விரத மயக்கத்தில் கொடுத்திருக்கலாம் என்றார். கொடுத்திருக்கலாமாம்! அதற்கு மேலே ஒன்று கேட்டார் பாருங்கள். பால்குடத்தைச் செலுத்திவிட்டு வரட்டுமா, வெயிலில் பால் திரிந்துவிடும் என்றார். இன்ஸ்பெக்டருக்கு என்ன புரிந்ததோ, சாமி விசயம் என்று ஒரு கான்ஸ்டபிளைக் கூட அனுப்பினான். அவர் அரோகரா போட்டுக்கொண்டு உள்ளே போனார். அந்த நேரத்தில் மங்களத்தை ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள். எந்தச் சாமி அந்தப் பாலை வாங்கிக்கொண்டதோ தெரியவில்லை.

தொரை போய்ச் சொன்னதும் அவரை விட்டுவிட்டார்கள். சம்பளப் பணம் எடுக்க ஆள் வேண்டுமே. கண்டித்து எழுதி லைசன்ஸை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள். மங்களத்தை அப்படி விட முடியாதாம். துப்பாக்கி அவள் மடியில்தானே இருந்தது, வழக்குப் போடுவதா வேண்டாமா என்று கோலாலம்பூரிலிருந்து எழுத்து வர வேண்டுமாம். வாரக்கணக்கில் டவுன் ஜெயிலில் இருந்தாள். நானும் தங்கா பத்திலிருந்து அவள் அப்பாவும் மாறி மாறிப் போய்ப் பார்த்தோம். எப்போது போனாலும் அவள் கேட்டது ஒன்றுதான், எழுத்து வந்துவிட்டதா அக்கா என்று. பக்கத்து அறையில் தூக்குத் தண்டனைக்காரி ஒருத்தி இருந்தாளாம், ராத்திரி முழுக்க இருமுவாளாம். நாளாக நாளாக மங்களத்தின் தோள்பட்டை எலும்பு புடவைக்கு மேலே தெரிந்தது. கிராணியார் ஒருதரம் கூடப் போகவில்லை. இந்தச் சமயத்தில் அங்கே போவது லைசன்ஸைத் திரும்ப வாங்குகிற விசயத்துக்கு நல்லதில்லை என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். கருப்பாயியை, மேட்டில் ஏறி ஏறிப் பால் வெட்ட வேண்டிய மலைக்காட்டு நிரைக்கு மாற்றிப் போட்டார், அதற்கு மட்டும் நேரம் இருந்தது. கருப்பாயி என்னிடம் வந்து, புள்ளைய விட்டுருவாங்களாம்மா என்று கேட்டாள். மலைக்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் எழுத்து வந்தது. வழக்கு இல்லை, விடலாம்.

விடுகிற அன்று நான் பஸ் பிடித்து ஜெயில் வாசலுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே தோட்டத்துக் கார் நின்றது. வெள்ளைக் கால்சட்டை, மடிப்புக் கலையாமல், கிராணியார் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு சிரிப்பு. நான் காறித் துப்பிவிட்டுத் தள்ளிப் போய் நின்றேன். ஆனாலும் மனசுக்குள், சரி, வந்திருக்கிறான், காலில் விழாவிட்டாலும் நாலு நல்ல வார்த்தை பேசுவான் என்று நினைத்தேன். நினைத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

மங்களம் வெளியே வந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. உள்ளே யாரும் கயிறு எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாதென்று முதல் நாளே தாலியைக் கழற்ற வைத்துவிட்டார்கள். வெளியே விடும்போது, வாங்கி வைத்த சாமான்களைப் பழுப்புக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி அரக்கு வைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள்.

தனபாலன் ஓடினார். அவளைப் பிடிக்க ஓடுகிறார் என்றுதான் பார்த்தேன். அவர் பிடித்தது பொட்டலத்தை. "குடுத்துட்டாங்களா? குடுத்துட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே பிடுங்கி, அரக்கை நகத்தால் பெயர்த்து, காகிதத்தைக் கிழித்தார். மஞ்சள் கயிறும் தாலியும் அவர் உள்ளங்கையில் விழுந்தது. அவர் முகம் அப்படியே சுருங்கிப் போனது.

"இது இல்ல. அந்தச் சிப்பி வச்சது எங்க?"

மங்களம் வழக்கம்போல அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து என் கையைப் பிடித்தாள். பஸ் ஸ்டாப்பில் தங்கா பத்து பஸ் புகை விட்டுக்கொண்டு நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு கையில் தாலியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தக் காகிதத்தைத் தலைகீழாக உதறிக்கொண்டிருந்தார், இன்னும் ஏதாவது விழாதா என்று. அவளிடம் சொன்னேன், தாலி அவன் கையில் இருக்குடி என்று.

"அவுங்க தேடட்டுங்க்கா," என்றாள். "வாங்க, பஸ்ஸு போயிரும்."